விபத்து இழப்பீட்டில் 3,80,000 ரூபாயை வக்கீலே எடுத்துக்கொண்டார், உஷார்!

நேற்றுதான் வங்கியில் ஸ்டேட்மென்ட் வாங்கினேன். ஆத்திரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர் போடவில்லை; போட்டால் முதல் நோட்டீஸ் எனக்குத்தான் வரும். மோட்டார் விபத்து வழக்குகளை மட்டுமே எடுக்கும் ஒரு வக்கீல் ஆபீஸ், அவ்வளவுதான்.

பைபாஸில் லாரி மோதி அப்பா இறந்தார். கருமாதிக்கு அந்த வக்கீல் தானாகவே வந்தார், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். "ஃபீஸைப் பத்தி இப்போ பேசாதீங்கம்மா, கேஸ் முடியட்டும், உங்க மனசுக்குப் பட்டதைக் குடுங்க" என்றார். அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். அதற்கப்புறம் அவர் நீட்டிய இடத்திலெல்லாம் அம்மா கையெழுத்துப் போட்டார். கோர்ட்டுக்குப் பக்கத்து வங்கிக் கிளையில் அம்மா பெயரில் புதுக் கணக்குத் திறந்ததும் அவர்தான். "பணம் வந்ததும் எஃப்டி போடணும், கோர்ட் நடைமுறை" என்று சொல்லி, கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலைகளையும் பாஸ்புக்கையும் ஆபீஸிலேயே வைத்துக்கொண்டார். கணக்கில் கொடுத்த மொபைல் எண் யாருடையது தெரியுமா? குமாஸ்தாவுடையது.

லோக் அதாலத்தில், அதாவது சமரசமாக வழக்கை முடிக்கும் மக்கள் நீதிமன்றத்தில், இன்சூரன்ஸ் கம்பெனியோடு 9,50,000 ரூபாய்க்குச் சமரசம் ஆனது. அம்மா கைக்கு வந்தது 5,70,000. மீதி எங்கே என்று கேட்டால், "சார் ஹைகோர்ட்ல இருக்கார் மேடம்." அடுத்த தடவை, "கோர்ட் லீவு." அதற்கடுத்து, "இன்சூரன்ஸ்காரன் அப்பீல் போவான், அதுக்காகப் பிடிச்சு வெச்சிருக்கோம்." லோக் அதாலத் தீர்ப்புக்கு அப்பீலே கிடையாது! 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 21ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஒரு வக்கீலுக்கு இது தெரியாதா?

கடைசியில் ஒருவழியாக அவரே போனை எடுத்தார். "நாப்பது பர்சென்ட்தான்மா ரேட்டு, ஊர்ல எல்லாரும் குடுக்கறாங்க." 3,80,000 ரூபாய்! இழப்பீட்டில் பங்கு பேசி ஃபீஸ் வாங்கவே கூடாது என்று, வக்கீல்களின் தொழில் ஒழுங்கைக் கவனிக்கும் அமைப்பான இந்திய பார் கவுன்சிலின் விதி இருக்கிறது. கட்சிக்காரர் பணம் கைக்கு வந்தால் உடனே தெரிவிக்க வேண்டும், கணக்குக் காட்ட வேண்டும் என்பதும் அதே விதிகளில் உண்டு. இதைச் சொன்னதும் லைன் கட். ஸ்டேட்மென்ட்டில் பார்த்தால், பணம் வந்த அதே வாரத்தில் இரண்டு 'செல்ஃப்' காசோலையில் (கணக்குக்காரரே ரொக்கமாக எடுப்பதற்கானது) மொத்தமும் உருவப்பட்டிருக்கிறது.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போ என்றார் மாமா. அந்தக் கதவும் இல்லை. வக்கீல் தொழில் நுகர்வோர் சட்டத்தில் வராது என்று 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொடுமை என்னவென்றால், அந்த வழக்கே கட்சிக்காரருக்கு வந்த பணத்தை வக்கீல் கொடுக்கவில்லை என்ற புகாரில்தான் தொடங்கியது.

மிச்சம் இருப்பது மாநில பார் கவுன்சில். சென்னையில் உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆவது பிரிவில் புகார் கொடுத்தால், ஒழுங்கு நடவடிக்கைக் குழு கண்டிக்கலாம், சஸ்பெண்ட் செய்யலாம், வக்கீல் பட்டியலிலிருந்து பெயரையே நீக்கலாம். பணத்தைத் திருப்பிக் கொடு என்று சொல்லும் வரி மட்டும் அந்தத் தண்டனைப் பட்டியலில் இல்லை. விசாரிப்பவர்களும் வக்கீல்களே. உத்தரப் பிரதேசத்தில் ஒரு முதியவருக்கு வந்த நில இழப்பீடு 8,118 ரூபாயை அவருடைய வக்கீலே எடுத்துக்கொண்ட வழக்கில், பார் கவுன்சில் மூன்று வருட சஸ்பெண்டோடு விட்டது. தண்டனை அதிகம் என்று அந்த வக்கீல் அப்பீல் போக, உச்ச நீதிமன்றம் 2002இல் பெயரையே நீக்கியது. 8,118க்கு அது என்றால் 3,80,000க்கு என்ன?

இழப்பீட்டை நேரடியாக மனுதாரரின் வங்கிக் கணக்கில் போடச் சொல்லி 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. நல்லதுதான். ஆனால் எங்களுக்கும் கணக்கில்தான் வந்தது, காசோலைப் புத்தகம்தான் அவரிடம் இருந்தது.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போடாதீர்கள், யார் கேட்டாலும். கணக்கில் உங்கள் மொபைல் எண்தானா என்று இன்றைக்கே பாருங்கள். ஃபீஸை எழுதி வாங்குங்கள். தீர்ப்பின் நகலை நீங்களே கோர்ட்டில் மனுப் போட்டு வாங்குங்கள். பார் கவுன்சில் புகாரோடு நிற்காமல், நம்பிக்கை மோசடி என்று போலீஸிலும் கொடுங்கள். நானும் நாளை கொடுக்கப் போகிறேன்.

கருமாதி வீட்டுக்கு வந்து வழக்குப் பிடிக்கும் வக்கீலிடம் இதே மாதிரி மாட்டியவர்கள் இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள். ஸ்டேட்மென்ட்டைக் கையோடு எடுத்து வையுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.