காலையில ஒரே தடவையா உக்காருறதா, நாள் பூரா துளித்துளியா கடவுளை நினைக்கிறதா?

ரெண்டையும் செஞ்சு பாத்துட்டுத்தான் எழுதுறேன். முதல்ல ஒரு ஆறு வருஷம் விடியக்காலைல எந்திரிச்சு நாப்பது நிமிஷம் ஒரே இடத்துல உக்காந்து பிரார்த்தனை, கொஞ்சம் வாசிப்பு, கொஞ்ச நேரம் சும்மா அமைதி. இப்ப ஒன்றரை வருஷமா அது இல்ல, அதுக்குப் பதிலா ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை, ஒவ்வொண்ணும் அரை நிமிஷம்கூட வராது. எனக்கு நிலைச்சது ரெண்டாவதுதான், அதனால நான் அந்தப் பக்கம் சாஞ்சுதான் பேசுவேன், அதை முதல்லயே சொல்லிடுறேன்.

காலை நேரத்தோட நன்மை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். வீடே தூங்குது, போன் சத்தம் இல்ல, மனசு இன்னும் எங்கயும் ஓட ஆரம்பிக்கல. இருபது நிமிஷம் தாண்டுனப்புறம் உள்ள ஒண்ணு அடங்கும் பாருங்க, அது அரை நிமிஷத்துல வராது. அந்த அமைதி இப்ப எனக்கு இல்லங்கிறது நிஜமான இழப்பு.

வேற வழிகளும் இருக்கு. பயணத்துல பக்திப் பாட்டு கேக்கலாம், ஆனா ரெண்டு வாரம் போச்சுன்னா பாட்டு அது பாட்டுக்கு ஓடுது, மனசு ஆபீஸ் மீட்டிங்ல இருக்கு. மணிக்கு ஒரு தடவை போன்ல நோட்டிஃபிகேஷன் வச்சாலும் அதே கதைதான், மூணு நாள் நின்னு பாப்போம், அப்புறம் விரல் தானா தள்ளிவிட்டுடும். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் நல்லா நேரம் ஒதுக்குறவங்க நிறைய பேர், அது வேணும்தான், ஆனா மத்த ஆறு நாளுக்கு அது பதில் சொல்லல.

எனக்கு எல்லாத்தையும் தீர்மானிச்சது ஒரே ஒரு விஷயம்தான். விட்டுப்போனா திரும்பி வர்றது எவ்வளவு கஷ்டம்? ஆரம்பிக்கிறது எப்படின்னு எல்லாரும் பேசுறாங்க, இதை யாரும் பேசுறதில்ல, ஆனா குடும்பம் வேலைன்னு இருக்குற யாருக்கும் விட்டுப்போகாம இருக்காது.

குழந்தை பொறந்தப்ப எனக்கு ராத்திரித் தூக்கம் போச்சு, காலை நேரமும் அதோட போச்சு. முதல் நாள் பரவால்லன்னு விட்டேன், ரெண்டாம் நாள் நாளைக்கு சேத்து உக்காருவோம்னு நினைச்சேன், அஞ்சாம் நாள் ஆகுறப்ப உக்காரவே கூச்சமா இருந்துச்சு, இத்தனை நாள் வராம இப்ப எந்த முகத்தோட வர்றதுன்னு. அதுவுமில்லாம திரும்ப ஆரம்பிக்கணும்னா முந்தின நாள் சீக்கிரம் படுக்கணும், அதுக்கு வேலை சீக்கிரம் முடியணும், அதுக்கு இன்னொருத்தர் உதவணும், ஒரு நாப்பது நிமிஷத்துக்காக மொத்த நாளையும் திருப்பிப் போடணும். அப்படியே நாலு மாசம் ஓடிப்போச்சு. அந்த நாலு மாசத்துல கடவுள் வேணாம்னு நான் ஒரு நாளும் நினைச்சதில்ல, அவரை நினைக்க நாப்பது நிமிஷம் வேணும்னு மட்டும்தான் நினைச்சுட்டு இருந்தேன்.

துளித்துளியா நினைக்கிறதுல இந்தப் பாரமே சேராது. காலைல மறந்தாச்சா, மத்தியானம் கைகழுவுறப்ப ஞாபகம் வருது, அங்கயே ஒரு வார்த்தை, அவ்வளவுதான், திரும்பி வந்தாச்சு. ரொம்ப மோசமான நாள்லகூட இடைவெளி அரை நாளைத் தாண்டுறதில்ல, அதனால கூச்சம் வளர நேரமே கிடைக்கிறதில்ல.

பெரிய மரபுகளைப் பாத்தா மனுஷன் மறப்பான்னு அவங்க முன்னாடியே யோசிச்சு வச்சிருக்காங்க. இஸ்லாத்துல அஞ்சு வேளைத் தொழுகைல ஒண்ணு தூக்கத்துலயோ மறதியிலயோ விட்டுப்போனா ஞாபகம் வந்த உடனே தொழுதுடணும், அதுக்கு களா தொழுகைன்னு பேரே இருக்கு. இந்துக்கள்ல பூணூல் போட்டவங்க செய்யிற சந்தியாவந்தனம் காலை, உச்சி, மாலைன்னு மூணு வேளை, நேரம் தவறிப்போச்சுன்னா பிராயச்சித்த அர்க்கியம்னு கூடுதலா ஒரு தடவை தண்ணி வார்த்துட்டு அப்படியே தொடரலாம், விட்டது விட்டதுதான்னு கதவைச் சாத்துறதில்ல. 17ஆம் நூற்றாண்டுல பாரிஸ்ல கார்மேல் சபைங்கிற கத்தோலிக்கத் துறவிகளோட மடம் ஒண்ணுல சமையற்கட்டு வேலை பாத்த சகோதரர் லாரன்ஸைப் பத்தி கேள்விப்பட்டிருப்பீங்க, பாத்திரம் பண்டத்துக்கு நடுவுலயே கடவுளோட இருந்தவர்னு. அவர்கிட்ட எனக்குப் பிடிச்சது என்னன்னா, மறந்துட்டேன்னு தெரிஞ்சா அதைக் கடவுள்கிட்ட ஒத்துக்கிட்டு, அதையே நினைச்சுக் கலங்காம உடனே திரும்பி வந்துடுவாராம். ஆனா நியாயமா இன்னொண்ணும் சொல்லணும், அவர் மடத்துல இருந்தவர், அங்க நேரம் குறிச்ச பிரார்த்தனையும் தினமும் இருந்துச்சு, அதனால அவரை முழுசா என் பக்கம் இழுத்துக்க முடியாது.

செய்யிற விதத்துல நான் கத்துக்கிட்டது, எதோட சேத்துக் கட்டுறோம்ங்கிறதுலதான் எல்லாம் இருக்கு. போனை எடுக்குறப்பல்லாம் நினைக்கணும்னு முதல்ல வச்சேன், தோத்துப்போச்சு, ஒரு நாளைக்கு அத்தனை தடவை எடுக்குறோம், சொல்ற வார்த்தைக்கு அர்த்தமே போயிடுச்சு. கொஞ்சம் காத்திருக்க வேண்டிய இடங்கள்தான் நிக்குது. லிஃப்டுக்கு நிக்கிறப்ப, கம்ப்யூட்டர் ஆன் ஆகுற வரைக்கும், கைகழுவுறப்ப, ராத்திரி லைட் அணைக்கிறப்ப. இதுலயும் எல்லாத்தையும் ஒரே நாள்ல ஆரம்பிக்காதீங்க, நான் கைகழுவுறது, லைட் அணைக்கிறது ரெண்டை மட்டும் ஒரு மாசம் வச்சிருந்துட்டுத்தான் மத்ததைச் சேத்தேன். சொல்றதும் பெருசா ஒண்ணும் இல்ல, அடுத்து யாரைப் பாக்கப் போறேனோ அவங்க பேரைச் சொல்லி அவங்ககிட்ட நான் நல்லபடியா நடந்துக்கணும்னு கேக்குறது, இல்லன்னா வெறும் நன்றி. இதுல எதிர்பாக்காத ஒண்ணு நடந்துச்சு, மீட்டிங்குக்குள்ள போறப்ப ஒருத்தர் பேரைச் சொல்லி வேண்டிட்டுப் போனா உள்ள போய் அவர்கிட்ட எரிஞ்சு விழ முடியல.

இதுல குறை இல்லாம இல்ல. வாய் சொல்லும், மனசு அங்க இருக்காது, சில வாரம் முழுக்க அப்படியே போகும். அப்ப வார்த்தையை மாத்துவேன், கொஞ்ச நாளைக்கு உயிர் வரும். அப்புறம் ஒரு பெரிய துக்கம் வந்தா இந்த அரை நிமிஷங்கள் தாங்குமான்னு எனக்குச் சொல்லத் தெரியல, இந்த ஒன்றரை வருஷத்துல அப்படி ஒண்ணு வரல, முன்னாடி வந்தப்ப காலைல உக்காந்து அழுத அந்த நாப்பது நிமிஷம்தான் என்னைத் தாங்குச்சு. பிள்ளைங்க வளந்து காலை நேரம் கைக்குத் திரும்பி வந்தவங்களுக்கு உக்காருறதுதான் நல்லதுன்னு நினைக்கிறேன், அவங்ககிட்ட வந்து மாத்திக்கோங்கன்னு நான் சொல்ல மாட்டேன்.

இப்ப ஞாயித்துக்கிழமை மட்டும் இருபது நிமிஷம் உக்காந்து பாக்குறேன். ஒன்பது வாரம் ஆச்சு, அதுல ரெண்டு வாரம் விட்டுப்போச்சு. விட்ட அந்த ரெண்டு ஞாயித்துக்கிழமையும் கைகழுவுற இடத்துல அவரை நினைச்சேன், அதனாலதான் அடுத்த வாரம் கூச்சம் இல்லாம போய் உக்கார முடிஞ்சுது.