பட்டறை வாத்துக் கொட்டகை: கூரை தேறும், தரை தேறாது

மலேசியாவில், சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயா பக்கம் செம்பனைத் தோட்டங்களை ஒட்டி வாத்து வளர்ப்பவர்கள் பலர், இப்போது பட்டறையில் தயாராக நிற்கும் கொட்டகையையே வாங்கிப் போடுகிறார்கள். 4 அடிக்கு 6 அடி, விலை 680 வெள்ளி (ரிங்கிட்). லோரியில் கொண்டுவந்து இறக்கித் தருகிறார்கள். பலகைக் கால்கள், தகரக் கூரை, பிளைவுட் தரை, மூன்று பக்கம் கம்பிவலை, அதன்மேல் சுருட்டிக் கட்ட கேன்வாஸ். பத்து வாத்து அடைக்கலாம் என்று விற்பவர் சொல்வதை நம்ப வேண்டாம். ஒன்றுக்கு 4 சதுர அடி என்று பார்த்தால் ஆறுதான் கணக்கு. அதற்கு மேல் நெருக்கினால் மழை இல்லாமலே தரை நனையும். வாத்து எச்சத்தில் பெரும்பங்கு தண்ணீர்தானே.

கூரை வேலை நேர்த்தி. ஸ்க்ரூ எல்லாம் தகரத்தின் மேட்டில், ரப்பர் வாஷரோடு ஏறியிருக்கின்றன. பள்ளத்தில் அடித்திருந்தால் ஓடும் தண்ணீர் அந்த ஓட்டை வழியாகவே இறங்கும். இறவாரம் மட்டும் சுற்றிலும் 1 அடிதான் இருக்கிறது. காற்றோடு சாய்ந்தடிக்கும் சாயங்கால மழைக்கு அது பற்றாது. கம்பிவலை உள்ள பக்கங்களில் 2 அடி நீட்டித் தரச் சொல்லி, முன்பணம் கொடுக்கும்போதே பேசிக்கொள்ளுங்கள்.

பட்டறைக்காரர் கவனிக்காமல் விட்டது, கூரைத் தண்ணீர் விழுந்த பிறகு எங்கே போகும் என்பதை. இறவாரத்தோடு கூரைப் பரப்பு ஏறத்தாழ 4.5 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் மழை கொட்டினால் 220 லிட்டருக்கு மேல் சேரும். கூரை ஓரத்தில் தண்ணீரை ஏந்தும் பீலி இல்லாததால் அத்தனையும் பின்பக்கம் ஒரே கோட்டில் விழுந்து மண்ணைப் பறிக்கிறது. தெறிக்கும் சேறு வலை வழியாக உள்ளே போகிறது. கால் பலகையின் வெட்டு நுனி ஈரத்தை உறிஞ்சி, அடியிலிருந்து கறுத்துக்கொண்டே வருகிறது. 4 அங்குல பீவிசி குழாயை நெடுக்காகப் பிளந்து, 8 அடிக்கு 1 அங்குலம் சரிவு வைத்துக் கட்டி, நுனியை லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) பக்கம் திருப்பிவிட்டால் இது தீரும். கால்களை மண்ணில் புதைக்கவே கூடாது. சிமெண்டுக் கல்மேல் நிறுத்தி, வெட்டு நுனிக்கு இரண்டு பூச்சு சாயம் அடியுங்கள்.

தரைதான் இந்தக் கொட்டகையின் பலவீனம். வெறும் பிளைவுட் ஈரம் பட்டால் ஓரத்திலிருந்து அடுக்கடுக்காகப் பிரியும். அதன்மேல் ரப்பர் பாய் விரித்து, ஓரங்களைச் சுவரில் 4 அங்குலம் மடக்கி ஏற்றிவிடுங்கள். பாய் வழுக்கும், அதனால் மேலே பரப்பும் படுக்கை 4 அங்குலம் கனமாக இருக்க வேண்டும். பட்டறையில் இலவசமாகத் தரும் மரத்தூள் மூட்டை வேண்டாம். பொடித்தூள் நனைந்தால் களியாக இறுகும், காய்ந்தால் மூக்கில் ஏறும். மரச்சீவல் ஈரத்தை நன்றாக இழுக்கும். தஞ்சோங் காராங், செகிஞ்சான் நெல் வட்டாரம் பக்கத்திலேயே இருப்பதால் உமி சுலபமாகக் கிடைக்கிறது. ஆனால் உமி அவ்வளவாக உறிஞ்சாது; இறுகாமல் உதிரியாக இருப்பதுதான் அதன் பலம். உமியோடு சீவலைக் கலந்து போடுவது நல்லது. ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி, உருண்டையாகவே நின்றால் அந்த இடத்தை அள்ளிப் போட்டுவிட வேண்டும். ஈரப் படுக்கையில் பூஞ்சை பிடித்தால் வாத்துக்கு மூச்சு நோய் வரும். நனைந்தே நிற்கும் பாதத்தில் புண் வைக்கும்.

கேன்வாஸ் தடிப்பானது, கிழியாது. ஆனால் மேலிருந்து கீழ்வரை இறக்கிக் கட்டும்படி தைத்திருக்கிறார்கள். அப்படி மூடினால் வாத்துகளின் மூச்சு ஈரம் தகரத்தின் அடியில் வேர்த்துச் சொட்டும், பார்ப்பவர்கள் கூரை ஒழுகுகிறது என்று நினைப்பார்கள். நம் ஊரில் குளிருக்குப் பயந்து அடைக்க வேண்டியதே இல்லை. கூரைக்குக் கீழே 1 அடி திறந்திருக்கும்படி கொக்கிகளை இறக்கி மாட்டுங்கள். வலையின் கண் அரை அங்குலம் என்பதால், அந்த 1 அடி திறந்திருந்தாலும் மரநாய் நுழைய முடியாது.

உள்ளே தண்ணீர்த் தொட்டி மாட்ட ஒரு சட்டமும் வைத்திருக்கிறார்கள். அதைக் கழற்றிவிடுங்கள். வாத்து மூக்குவரை முக்கி உதறும். சாரலைவிட அதுதான் தரையை அதிகம் நனைக்கும். இரவில் தண்ணீரை வெளியே எடுத்தால் தீனியையும் எடுத்துவிட வேண்டும், தண்ணீரில்லாமல் உலர்ந்த தீனி தின்றால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

பீலி, ரப்பர் பாய், சிமெண்டுக் கல் எல்லாம் சேர்த்து இன்னும் 100 வெள்ளி ஒதுக்கிக்கொள்ள முடிந்தால் தாராளமாக வாங்கலாம்.