"அது சும்மா ஃபார்மாலிட்டிக்கா" என்று யாராவது சொன்னால் கையெழுத்து போடாதீங்க: 3,84,000 ரூபாய் மாட்டிக்கிட்ட கதை

கோபத்தில்தான் எழுதுகிறேன், வார்த்தை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கோங்க. நான் துணிப்பை தைத்துக் கொடுத்த ஒரு ஆன்லைன் தளத்திலிருந்து நேற்று சாயங்காலம் ஒரு மெயில் வந்தது. எனக்கு வரவேண்டியது 3,84,000 ரூபாய். அவர்கள் தருவது 2,30,000. அதையும் "இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்று கையெழுத்து போட்டு அனுப்பினால்தான் தருவார்களாம். சரக்கு போய் ஐந்து மாசம் ஆச்சு.

சின்ன யூனிட்டுகளுக்கு மொத்த ஆர்டர் பிடித்துத் தருகிற ஆன்லைன் தளம் அது. பெயர் வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். ஆப்பில் பதிவு செய்தால் ஒரு மேனேஜரை நமக்கென்று ஒதுக்குவார்கள். நம்ம பக்கத்துப் பையன் மாதிரியே பேசினான். 12,000 துணிப்பை, ஒன்று 32 ரூபாய். துணிக்கும் தையல் கூலிக்கும் முழுக்க நான்தான் முதல் போட்டேன்.

படிக்காமலா கையெழுத்து போட்டீங்க என்று கேட்கப் போகிறவர்களுக்கு: படித்தேன். 22 பக்கம். பணம் தருவது பற்றிய பத்தியில், தங்கள் வாடிக்கையாளரிடமிருந்து பணம் வந்த பிறகு 90 நாளில் தருவோம் என்று இருந்தது. உடனே போன் போட்டுக் கேட்டேன். அவன் வாய்ஸ் மெசேஜே அனுப்பினான், இன்னும் என் போனில் இருக்கிறது: "அக்கா, அது சும்மா ஃபார்மாலிட்டிக்கா, எல்லாருக்கும் ஒரே டிராஃப்ட்தான். உங்களுக்கு 45 நாள்ல பணம் வந்துரும், நான் இருக்கேன்ல." பின்னால் பிரஷர் குக்கர் விசில் அடிக்கிற சத்தம்கூட அதில் கேட்கும். வீட்டிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை, எனக்காக மெனக்கெட்டுப் பேசுகிறானே என்று நினைத்தேன். ஆதார் ஓடிபி வந்தது, கையெழுத்து முடிந்தது.

அதே 22 பக்கத்தில் கடைசிக்கு முந்தின பக்கம் இன்னொரு வரி: இந்த ஒப்பந்தத்துக்கு முன்னால் வாயால், மெசேஜால் சொன்ன எதுவும் செல்லாது. அந்த வாய்ஸ் மெசேஜுக்கு இப்போது என்ன மதிப்பு என்று நீங்களே பார்த்துக்கோங்க.

சரக்கு இறக்கின அன்று அவர்கள் குடோனில் டெலிவரி சலானில் சீல் குத்தினார்கள். சீலுக்குக் கீழே பேனாவால் பொடி எழுத்தில் "தரப் பரிசோதனைக்கு உட்பட்டது". வண்டிக்காரர் அதைக் கவனிக்க முடியுமா? அதற்குப் பிறகு ஒரு மாசத்துக்கு மேல் ஒரு குறையும் எழுத்தில் வரவில்லை. பணம் கேட்க ஆரம்பித்த பிறகுதான் "கைப்பிடித் தையல் பலமில்லை" என்று போனில் மட்டும் சொன்னார்கள். எந்தப் பை, எத்தனை பை, போட்டோ எங்கே? பதில் இல்லை. சரக்கைத் திருப்பியும் அனுப்பவில்லை. விற்றுவிட்டார்கள் என்றுதான் என் கணக்கு.

அப்புறம் வழக்கமான அலைக்கழிப்பு. டிக்கெட் நம்பர் தருவார்கள், இரண்டு நாளில் அந்த டிக்கெட் தானாக மூடிக்கொள்ளும். ஃபைனான்ஸ் டீம் பார்க்கிறது என்பார்கள். ஃபைனான்ஸைக் கேட்டால் குவாலிட்டி டீம் விடுவிக்கவில்லை என்பார்கள். "நான் இருக்கேன்ல" என்ற தம்பி இப்போது வேறு டீமில் இருக்கிறாராம். கடைசியில் ஒரு அம்மா, "மேடம், பிரச்சினை இருந்தால் ஆர்பிட்ரேஷனுக்குப் போங்க, ஒப்பந்தத்திலேயே இருக்கே" என்றார். இருக்கிறது. கோர்ட்டுக்குப் பதிலாக, குருகிராமில், அவர்களே நியமிக்கிற ஒரே நடுவர் முன்னால் வழக்கு. வழக்கில் சம்பந்தப்பட்ட ஒரு தரப்பு தன்னிஷ்டத்துக்கு ஒற்றை நடுவரை நியமிக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2019லேயே சொல்லிவிட்டது. டிராஃப்டில் மட்டும் அந்த வரி அப்படியே உட்கார்ந்திருக்கிறது, நம்மைப் பயமுறுத்த.

இதற்கு நடுவில், பில் போட்ட மாசமே அதற்கான ஜிஎஸ்டியை என் கையிலிருந்து கட்டிவிட்டேன். அவர்களிடமிருந்து ஒரு பைசா வரவில்லை. 3,84,000 ரூபாய், அதற்கு மேல் இது.

வக்கீல் சொன்னதில் எனக்குப் புரிந்தது இது. 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, குறு, சிறு உற்பத்தியாளருக்குப் பணம் தர ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. சரக்கு இறங்கி 15 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம். போனில் "தையல் சரியில்லை" என்றது கணக்கில் வராது. தாமதத்துக்கு, ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வட்டி விகிதமான பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி, மாசா மாசம் சேர்த்து. நம் மாநிலத்திலேயே உள்ள, இந்த மாதிரி பாக்கித் தகராறுகளை விசாரிக்கிற ஃபெசிலிடேஷன் கவுன்சிலில் மனு போடலாம், குருகிராம் ஓட வேண்டியதில்லை. ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருந்தாலும் இந்த வழி அடைபடாது என்று 2022இல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. கவுன்சில் வழியாக வருகிற தீர்ப்பை எதிர்த்து அவர்கள் கோர்ட்டுக்குப் போனால், முதலில் 75 சதவீதத் தொகையைக் கட்டிவிட்டுத்தான் பேச முடியும். மனுவை 90 நாளில் முடிக்கணும் என்று சட்டத்தில் இருக்கிறதே என்று கேட்டேன். வக்கீல் சிரித்தார்.

2,30,000க்கு ஏன் அவசரமாகக் கையெழுத்து கேட்கிறார்கள் என்று இப்போது தெரிகிறதா?

விளக்கமாக எழுதணும் என்றுதான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. குறு, சிறு யூனிட் என்று மத்திய அரசிடம் செய்கிற உத்யம் பதிவை ஆர்டர் எடுப்பதற்கு முன்னாலேயே வாங்கி வையுங்க, அந்த நம்பரை பில்லிலேயே அடிங்க. மேனேஜர் வாயால் சொல்வதை அவர்கள் கம்பெனி மெயிலிலிருந்து எழுதி வாங்குங்க. முடிந்தால் டிராஃப்டிலேயே அந்தப் பத்தியை அடித்துத் திருத்தச் சொல்லுங்க. மறுத்தால் விட்டுவிடுங்க. சலானில் பேனாவால் எழுதினால் அங்கேயே போட்டோ எடுக்கச் சொல்லுங்க. பர்ச்சேஸ் ஆர்டரில் உள்ள ஜிஎஸ்டி நம்பர் யாருடையது என்று பாருங்க, ஆப்பின் பெயர் ஒன்று, கம்பெனி பெயர் வேறொன்றாக இருக்கும். பாதிப் பணத்துக்கு "பாக்கி இல்லை" என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீங்க.

மனுவுக்குச் சலான் நகல் எடுக்கணும், கடை மூடுவதற்குள் கிளம்புகிறேன்.