கழுத்து அறுவைக்குப் பின் சிக்கல் வருமா: மூன்று கணிப்பு முறைகள்

கதிர்வீச்சுக்குப் பிறகும் புற்று திரும்பி, குரல்வளையை முழுதும் எடுக்க வேண்டிய 65 வயதுக்காரர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். மாத்திரையில் கட்டுப்பட்ட சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. பீடியை இன்னும் விடவில்லை. விழுங்க முடியாமல் எடை இறங்கிக்கொண்டே வருகிறது.

நோயாளியின் பொதுவான உடல்நிலையை வகுப்புகளாகப் பிரிக்க மயக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் ஏ.எஸ்.ஏ. வகைப்பாடு மிகப் பழையது. ஒரே பார்வையில் முடிந்துவிடும், செலவில்லை. ஆனால் இவரை ஒரு மருத்துவர் இரண்டாம் வகுப்பில் வைப்பார், அடுத்தவர் மூன்றாம் வகுப்பு என்பார். இருவருக்கும் நியாயம் இருக்கும்.

ஐந்து கேள்விகள் கொண்ட தளர்ச்சிக் குறியீடு இன்னும் எளிது: சர்க்கரை, மருந்து தேவைப்படும் இரத்த அழுத்தம், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு, இதயச் செயலிழப்பு, அன்றாட வேலைகளுக்குப் பிறர் உதவி. நம்மவருக்கு 2 புள்ளி. கணக்கு சரிதான். ஆனால் தளர்ச்சி என்று பெயர் வைத்துக்கொண்டு எடை எவ்வளவு குறைந்தது என்று கேட்காத ஒரு குறியீட்டை என்னவென்று சொல்வது!

மூன்றாவது, அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி 2013-இல் வெளியிட்ட இணையக் கணிப்பான். 14 லட்சம் நோயாளிகளின் பதிவுகளிலிருந்து உருவானது. நிமோனியா, இதயக் கோளாறு, காயத்தில் சீழ், மரணம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சதவீதம் தரும். பார்க்க மிகத் துல்லியமாக இருப்பதுதான் இதன் ஆபத்து. ஓர் அறுவைக்கான குறியீட்டு எண்ணை மட்டுமே அது ஏற்கும். குரல்வளையை எடுப்பதோடு தொடையிலிருந்து தசை எடுத்து ஒட்டுவதும் சேர்ந்தால், ஒன்று விடுபடும். கழுத்து முன்பே கதிர்வீச்சு பெற்றதா என்றும் கேட்காது. இந்த அறுவையில் எல்லோரும் அஞ்சுவது, தையல் விட்டு எச்சில் கழுத்துத் தோல் வழியே கசியும் ஃபிஸ்டுலாவைத்தான். பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், கதிர்வீச்சு பெறாதவர்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்கு வந்த இது, பெற்றவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் வந்தது. கணிப்பானின் விடைப் பட்டியலில் ஃபிஸ்டுலாவுக்கென்று ஒரு வரி கிடையாது.

தைராய்டு அறுவையில் இத்தனை பாடு இல்லை. சுரப்பியை முழுதும் எடுத்த சில மணி நேரத்தில் இரத்தக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு ஹார்மோனின் அளவைப் பார்த்தாலே, கால்சியம் இறங்குமா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். எந்தக் கணிப்பானும் அந்த ஒற்றை இரத்தப் பரிசோதனைக்கு ஈடாகாது.

குரல்வளைக்காரருக்கு நான் எதைத் தேர்வேன்? இதயம், நுரையீரல் பற்றிக் குடும்பத்தாரிடம் பேசக் கணிப்பான் போதும். ஏ.எஸ்.ஏ. வகுப்பும் அதற்குள் ஒரு கேள்வியாகவே இருக்கிறது. கழுத்தைப் பற்றிக் கேட்க வேண்டியவை வேறு: எவ்வளவு கதிர்வீச்சு, எவ்வளவு எடை இழப்பு, இரத்தப் புரதமான ஆல்புமின் டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்குக் கீழா? கதிர்வீச்சை அழிக்க முடியாது. ஆனால் கதிர்வீச்சு படாத தசையைக் கொண்டுவந்து தையலைப் போர்த்தினால் கசிவு குறைகிறது. எடை மிகவும் இறங்கியிருந்தால் 7 முதல் 14 நாள் வரை குழாய் வழியே உணவூட்டிவிட்டு, அதன்பின் அறுவைக்கு நாள் குறிக்கலாம். கட்டி மூச்சுப்பாதையை அடைக்கத் தொடங்கியிருந்தால் அந்த அவகாசம் கிடைக்காது.