டாப் 10 வீடியோவுக்கு ஓப்பனிங் எழுத யூடியூப் ஸ்டுடியோவின் ரிட்டென்ஷன் கிராஃப் போதுமா?

ஹூக், அதாவது பார்ப்பவரைப் பிடித்து உட்கார வைக்கிற ஆரம்ப வரி, எழுதச் சொல்லித் தருகிறேன் என்று காசு வாங்கும் ஆன்லைன் வகுப்பு இப்போது தடுக்கி விழுந்தால் ஒன்று இருக்கிறது. போதாக்குறைக்கு, அப்படியே காப்பி அடித்துக்கொள்ளுங்கள் என்று டெம்ப்ளேட் பி.டி.எஃப் வேறு விற்கிறார்கள். டாப் 10, டாப் 5 வீடியோக்களுக்கு ஸ்கிரிப்ட் எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அதில் ஒரு ரூபாய் போடுவதற்கு முன்னால் சேனல் நடத்துகிறவர்களுக்கான யூடியூப் ஸ்டுடியோவுக்குள் இலவசமாகக் கிடக்கிற ரிட்டென்ஷன் கிராஃபை ஒழுங்காகப் படித்துப் பாருங்கள். குறைகள் உண்டு, அதற்கும் வருகிறேன்.

தெரியாதவர்களுக்கு: ஸ்டுடியோவில் ஏதாவது ஒரு வீடியோவைத் திறந்து அனலிட்டிக்ஸுக்குப் போனால், வீடியோவின் எந்த இடத்தில் எத்தனை சதவீதம் பேர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று ஒரு கோடு இருக்கும். கோடு சமமாகப் போனால் ஜனம் உட்கார்ந்து பார்க்கிறது, மேலே எகிறினால் அந்த இடத்தைத் திரும்பப் பார்க்கிறார்கள், பள்ளம் விழுந்தால் தள்ளிவிட்டுப் போகிறார்கள் அல்லது ஆளே கிளம்பிவிட்டார்கள். நமக்கு வேண்டியது 'இன்ட்ரோ' என்று தனியாகக் காட்டுகிற எண். முதல் 30 நொடி முடியும்போது மிச்சம் இருந்தவர்கள் எத்தனை சதவீதம் என்பது அது. உங்கள் சேனலிலேயே ஏறக்குறைய அதே நீளமுள்ள வீடியோக்களோடு ஒப்பிட்டு, வழக்கத்தைவிடக் கூடவா குறைவா என்றும் சொல்லிவிடும். 2012-இல் வெறும் வியூஸ் எண்ணிக்கையை விட்டுவிட்டு, பார்க்கும் நேரத்துக்கு யூடியூப் முக்கியத்துவம் கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து தலைப்பும் தம்ப்நெயிலும் (வீடியோவின் முகப்புப் படம்) ஆளை வாசல்வரைதான் கூட்டி வரும், உட்கார வைப்பது ஓப்பனிங் வேலை. அந்த வேலை நடந்ததா இல்லையா என்பதை இந்த ஒரு எண் பட்டென்று சொல்லிவிடுகிறது.

லிஸ்ட் வீடியோவில் இது இன்னும் கொடூரமாகத் தெரியும். பார்க்க வருபவருக்கு என்ன வரப்போகிறது என்று தலைப்பிலேயே தெரிந்துவிடுகிறது, அதையே நாம் மறுபடி ஒருமுறை விளக்க ஆரம்பித்தால் கிளம்பாமல் என்ன செய்வார்? இதில் இன்னொரு ஆசையும் சேர்ந்துகொள்கிறது: வீடியோ 8 நிமிடத்தைத் தொட்டால் நடுவில் விளம்பரம் வைக்கலாம், சரி, ஐந்தே விஷயம்தான் இருக்கிறது, எங்கே இழுப்பது, ஓப்பனிங்கில் இழு! கிராஃபில் முதல் அரை நிமிடம் செங்குத்தாகச் சரிவதற்குப் பாதிக் காரணம் இந்த இழுவைதான் என்பது என் கணிப்பு.

உதாரணத்துக்கு 'இந்தியாவின் நீளமான 5 ரயில் பயணங்கள்' என்று ஒரு லிஸ்ட் எடுத்துக்கொள்வோம். வழக்கமான ஓப்பனிங் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வணக்கம் நண்பர்களே, இந்திய ரயில்வே உலகின் பெரிய ரயில்வேக்களில் ஒன்று, இந்த வீடியோவில் நாம் பார்க்கப்போவது, அதற்கு முன்னால் மறக்காமல் பெல் ஐகானை... போச்சு, 20 நொடி. இப்போது இதைப் பாருங்கள்: "காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரைனு சொல்லிச் சொல்லியே பழகிட்டோம். ஆனா கன்னியாகுமரியில கிளம்புற, நாட்டிலேயே நீளமான ரயில், காஷ்மீர் பக்கமே போகாது." இரண்டு வரி, முடிந்தது, நேரே லிஸ்ட்டுக்குள் போகலாம். ஜம்மு பக்கத்துக் கட்ராவிலிருந்து கன்னியாகுமரி வருகிற ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் முன்னாலேயே வந்துவிடட்டும், அப்போது 'இதைவிட நீளமானது எங்கேதான் போகிறது' என்ற கேள்வி இன்னும் இறுகும். அசாமின் திப்ருகர் வரை 4,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற விவேக் எக்ஸ்பிரஸ் கடைசியில் வரும். இந்த ஹூக்கில் பொய் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். 'நம்பர் 1-ஐப் பார்த்தால் அதிர்ச்சியில் உறைந்துவிடுவீர்கள்' வகையறாவையும் கிராஃப் காட்டிக்கொடுத்துவிடும், நடுவில் பள்ளமும் நம்பர் 1 வருகிற இடத்தில் ஒரு கூம்பும் இருக்கும், அதாவது எல்லோரும் தள்ளிக்கொண்டு போய் அதை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

வரவேற்று ஆரம்பித்தாலே தப்பு என்று சொல்லவில்லை. 2006-இல் கனடாவின் மான்ட்ரியலில் தொடங்கிய வாட்ச்மோஜோ டாப் 10 வீடியோக்களை வைத்தே பெரிய ஆளானது, அவர்கள் தங்கள் பெயரைச் சொல்லி வரவேற்றுத்தான் தொடங்குவார்கள். ஆனால் எதை எண்ணப்போகிறோம் என்று சொன்ன கையோடு உள்ளே போய்விடுவார்கள், வாசலில் நின்று குடும்பக் கதை பேச மாட்டார்கள்.

இனி குறைகள். பெரிய குறை, எந்த இடத்தில் போனார்கள் என்று சொல்லும், ஏன் போனார்கள் என்று சொல்லாது. வரி சரியில்லையா, குரல் தூங்குகிறதா, தம்ப்நெயில் சொன்னதும் வீடியோ சொல்வதும் வேறு வேறா, நாமேதான் குந்தி யோசிக்க வேண்டும். புதியவர்கள், ஏற்கெனவே பார்த்தவர்கள் என்று பிரித்துப் பார்க்கும் வசதி கொஞ்சம் உதவும்: பழையவர்கள் உட்கார்ந்திருக்கப் புதியவர்கள் மட்டும் ஓடினால் நீங்கள் வீட்டு ஆட்களுக்காகவே பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். தம்ப்நெயிலுக்கு மூன்று வரை போட்டு ஒப்பிட்டுப் பார்க்கும் வசதியைக் கொடுத்தவர்கள், ஒரே வீடியோவுக்கு இரண்டு ஓப்பனிங் வைத்துப் பார்க்க வழி கொடுக்கவில்லை, எனக்கு உண்மையில் வேண்டியது அதுதான். அப்புறம், தகவல் வந்து சேர ஓரிரு நாள் ஆகும். நூறு பேர்கூடப் பார்க்காத வீடியோவை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், நாலு நண்பர்கள் பார்த்தாலே கோடு கோணிவிடும். ஷார்ட்ஸ் கணக்கு தனி, அங்கே எத்தனை பேர் நின்று பார்த்தார்கள், எத்தனை பேர் ஸ்வைப் செய்து போனார்கள் என்பதுதான் முதல் கேள்வி, 30 நொடி பேச்செல்லாம் அங்கே எடுபடாது.

வகுப்புக்குப் போவதா வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு: ஏற்கெனவே பத்துப் பதினைந்து வீடியோ போட்டிருந்தால் வேண்டாம். இன்னும் ஒன்றுமே போடவில்லை என்றாலும் அவசரமில்லை, முதலில் போடுங்கள். பழைய வீடியோக்களில் லோகோவும் மியூசிக்கும் சுற்றிக்கொண்டே இருக்கிற ஆரம்பம் இருந்தால், ஸ்டுடியோவின் எடிட்டரிலேயே அந்தத் துண்டை வெட்டிவிடலாம். லிங்க்கும் வியூஸும் அப்படியே இருக்கும், புதிதாக எதையும் பேசிச் சேர்க்க மட்டும் முடியாது. அதிகம் பேர் வந்து, முதல் 30 நொடியில் அதிகம் பேர் ஓடிய வீடியோவாகப் பார்த்து அதிலிருந்து ஆரம்பியுங்கள்.