சான்டோ டொமிங்கோவில் சிக்கனமாகத் தங்க: பழைய நகரமா, காஸ்குவேயா?

இரவு ஒரு மணி இருக்கும். ஏசி இரைச்சல் சட்டென்று நின்றது. சில நொடி முழு இருட்டு. பிறகு தலைமாட்டு விளக்கு மங்கலாக எரிந்தது, மேலே மின்விசிறி தயங்கித் தயங்கிச் சுற்ற ஆரம்பித்தது. ஏசி திரும்ப வரவில்லை. கதவுக்கு வெளியே முற்றத்தில் யாரோ "சே ஃபுவே லா லுஸ்" என்று சொன்னது கேட்டது. கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். திறந்துவிட அந்த அறையில் ஒரு ஜன்னல் கூட இல்லை. விடியும்வரை வியர்வையில் புரண்டுகொண்டிருந்தேன்.

டொமினிக்கன் குடியரசின் தலைநகரில் அது என் முதல் இரவு. அறை பதிவு செய்யும்போது விலையைப் பார்த்தேன், படங்களைப் பார்த்தேன், மதிப்பெண் பார்த்தேன். கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை. அதன் பிறகு இந்த ஊரில் வெவ்வேறு பகுதிகளில் தங்கிவிட்டேன். குறைந்த செலவில் தங்க வருகிறவர்களுக்கு முன்னால் இருக்கும் வாய்ப்புகள் பெரும்பாலும் இவைதான்: பழைய நகரமான சோனா கொலோனியால், அதற்கு மேற்கே மரங்கள் அடர்ந்த காஸ்குவே, இரண்டுக்கும் நடுவில் சியுதாத் நுவேவா, கடலோரச் சாலையான மலேகோனில் நிற்கும் பெரிய ஓட்டல்கள். எது மலிவு என்பதைவிட, எந்த இடத்தில் நிம்மதியாகத் தூங்கி எழலாம் என்பதை வைத்துத்தான் நான் இவற்றை ஒப்பிடப் போகிறேன்.

முதலில் கரண்ட்

இங்கே மின்வெட்டைச் சமாளிக்க விடுதிகளிடம் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று 'இன்வெர்சோர்'. நம் வீட்டு இன்வெர்ட்டரேதான். பேட்டரியில் விளக்கு, விசிறி, வைஃபை ஓடும். ஏசி பெரும்பாலும் ஓடாது. இன்னொன்று 'பிளான்டா', அதாவது டீசல் ஜெனரேட்டர். அது இருந்தால் ஏசியும் ஓடும். பெரிய ஓட்டல்களில் பிளான்டா இருக்கும். சின்ன விடுதிகள் பலவும் இன்வெர்சோரோடு நிறுத்திக்கொள்கின்றன. 2025 நவம்பர் 11 அன்று நாடு முழுக்க மின்சாரம் நின்று, மெட்ரோ ரயில்கள் கூட நடுவழியில் நின்றன. அது அபூர்வமான நாள். ஆனால் ஒரு பகுதியில் கரண்ட் போவதும் வருவதும் இங்கே வழக்கமான விஷயம், ஊர்க்காரர்கள் பேச்சைக்கூட நிறுத்த மாட்டார்கள்.

அதனால் பணம் கட்டுவதற்கு முன் விடுதிக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அனுப்புங்கள். இங்கே எல்லோரும் வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறார்கள். "தியேனே இன்வெர்சோர் ஓ பிளான்டா?" இன்வெர்சோரா, பிளான்டாவா என்று கேட்கிறீர்கள். அடுத்தது, "லா அபித்தாசியோன் தியேனே வென்தானா?" அறைக்கு ஜன்னல் உண்டா? இன்வெர்சோர் மட்டும்தான் என்றால் ஜன்னல் இல்லாத அறையை எடுக்கவே எடுக்காதீர்கள்.

மின்சாரம் 110 வோல்ட், அமெரிக்க மாதிரி தட்டை முள் பிளக். போன், லேப்டாப் சார்ஜர்கள் பிரச்சினையில்லாமல் ஓடும், அடாப்டர் மட்டும் போதும். நம் ஊர் வோல்ட்டேஜுக்குச் செய்த கெட்டிலைக் கொண்டுபோனால் தண்ணீர் கொதிப்பதற்குள் பொறுமை போய்விடும். அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

சோனா கொலோனியால்: அழகும் சத்தமும்

1502இல் ஸ்பானிய ஆளுநர் நிக்கோலாஸ் தே ஒவாந்தோ இந்த நகரத்தை ஒசாமா ஆற்றின் மேற்குக் கரைக்கு மாற்றியபோது போட்ட நேர்கோட்டுத் தெருக்கள் அப்படியே இருக்கின்றன. 1990 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் உள்ள பகுதி. காலை எழுந்து கதவைத் திறந்தால் ஐந்து நிமிட நடையில் கதீட்ரல், இன்னும் சற்று நடந்தால் கால்யே லாஸ் தாமாஸ் தெரு, ஆற்றங்கரைக் கோட்டை. இரண்டு மூன்று நாளுக்கு வருகிறவர்கள் போக்குவரத்துக்கு ஒரு பைசா செலவில்லாமல் ஊரைப் பார்த்துவிடலாம். ஒரு இரவுக்குப் பத்து டாலர் கூடுதலாகக் கொடுத்தாலும் டாக்ஸியில் அது திரும்பி வந்துவிடும்.

ஆனால் இங்கே அறை எப்படி இருக்கும் என்பதைப் புரிந்துகொள்ள, வீடு எப்படிக் கட்டப்பட்டது என்று தெரிய வேண்டும். தடித்த கல்சுவர், நடுவில் முற்றம், முற்றத்தைச் சுற்றி அறைகள். செட்டிநாட்டு வீட்டின் வளவைப் பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும். இப்படி ஒரு வீட்டை விடுதியாக மாற்றும்போது அறைகள் இரண்டு வகையாகப் பிரிந்துவிடுகின்றன. தெருவைப் பார்த்த அறைக்குப் பால்கனி, காற்று, வெளிச்சம் எல்லாம் உண்டு, சத்தமும் உண்டு. உள்ளறை அமைதியாக இருக்கும், ஆனால் முற்றத்துக் கதவைத் தவிர வேறு திறப்பு இருக்காது. சுவரில் ஈரம் பூத்திருக்கும். நான் வெந்துபோனது அப்படி ஒரு உள்ளறையில்தான்.

தெரு அறையின் சத்தத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். இந்த ஊரில் தெருவுக்குத் தெரு 'கொல்மாதோ' என்ற மளிகைக் கடை இருக்கும். பகலில் அரிசி, எண்ணெய், முட்டை. மாலையில் அதே கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள், குளிர்ந்த பீர், டோமினோ ஆட்டம், ஆளுயர ஸ்பீக்கரில் பச்சாத்தா என்ற உள்ளூர் இசை. குறுகிய தெருவில் கல்சுவர்கள் அந்தச் சத்தத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். பல ஜன்னல்களில் கண்ணாடியே கிடையாது, மரச் சட்டங்கள் மட்டும்தான். மூடினாலும் பாட்டு உள்ளே வரும், கொசுவும் வரும். வெள்ளி, சனி இரவுகளில் நள்ளிரவு தாண்டித்தான் அடங்கும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அது அவர்கள் வாழும் தெரு, நாம்தான் விருந்தாளி. ஆனால் விடிகாலை விமானம் பிடிக்க வேண்டியவர் அந்த அறையை எடுக்கக் கூடாது.

இதே கொல்மாதோதான் தங்குகிறவருக்குப் பெரிய துணையும். குழாய்த் தண்ணீரை இங்கே யாரும் குடிப்பதில்லை. விடுதியில் 'போத்தேயோன்' என்ற ஐந்து காலன் கேன் வைத்திருந்தால் நல்லது. இல்லையென்றால் கொல்மாதோவுக்கு ஒரு போன். கடைப் பையன் மோட்டார் சைக்கிளில் தண்ணீர் பாட்டிலையும் ஐஸையும் வாசலுக்கே கொண்டுவந்து தருவான். பொருளுக்கான காசு, அவனுக்குக் கொஞ்சம் சில்லறை, அவ்வளவுதான்.

விடுதி விமர்சனங்களைப் படிக்கும்போது ஸ்பானிய மொழி விமர்சனங்களில் மூன்று சொற்களைத் தேடுங்கள்: 'ருயிதோ' (சத்தம்), 'லுஸ்' (கரண்ட்), 'அகுவா' (தண்ணீர்). வெளிநாட்டுப் பயணிகள் முற்றத்துச் செடிகளைப் புகழ்ந்து எழுதியிருப்பார்கள். உள்நாட்டிலிருந்து வந்து தங்கியவர்கள்தான் மொட்டைமாடித் தொட்டி காலியாகி, சோப்புப் போட்டபடி நின்ற கதையை எழுதுவார்கள்.

காஸ்குவே: நாலு நாளுக்கு மேல் என்றால்

பழைய நகரத்தின் மேற்கு எல்லையான பார்க்கே இந்தெபெந்தென்சியாவிலிருந்து சுமார் இருபது நிமிட நடை. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வசதியானவர்கள் தோட்டத்தோடு வீடு கட்டிக் குடியேறிய பகுதி. 1947இல் திறக்கப்பட்ட அதிபர் மாளிகை இங்கேதான். அருங்காட்சியகங்களும் தேசிய நாடக அரங்கமும் சேர்ந்த பிளாசா தே லா குல்துராவும் இங்கேதான். அந்தப் பழைய வீடுகளில் சில சின்ன ஓட்டல்களாகவும் குடியிருப்பு விடுதிகளாகவும் மாறியிருக்கின்றன.

அதே பணத்துக்கு இங்கே அறை பெரிதாகக் கிடைக்கும். இரண்டு பக்கமும் ஜன்னல், வெளியே மாமரம், கரண்ட் போனாலும் காற்று வரும். அந்த ஒரு காரணத்துக்காகவே நான் காஸ்குவேயின் பக்கம் சாய்ந்தேன். சில இடங்களில் சின்ன அடுப்படியும் இருக்கும். சைவக்காரர்களுக்கு அது பெரிய விஷயம். மதியச் சாப்பாட்டுக் கடைகளை 'கொமெதோர்' என்பார்கள். அங்கே கிடைப்பது 'லா பாந்தேரா': சோறு, சிவப்பு பீன்ஸ் குழம்பு, இறைச்சி. 'சின் கார்னே' என்று சொன்னால் இறைச்சி வைக்க மாட்டார்கள், ஆனால் பீன்ஸிலேயே பன்றி இறைச்சித் துண்டோ கோழிச்சாறுக் கட்டியோ கலந்திருக்கக்கூடும். கேட்டுவிட்டே சாப்பிடுங்கள். காஸ்குவேயில் அலுவலகங்கள் நிறைய என்பதால் கொமெதோர்கள் மலிவாகவும் சுடச்சுடவும் இருக்கும். இரண்டு மணிக்கு மேல் போனால் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள். காலையில் மங்கூ சாப்பிடுங்கள். வேகவைத்து மசித்த வாழைக்காய், மேலே காடியில் ஊறிய சிவப்பு வெங்காயம். வறுத்த சீஸும் முட்டையும் கூடவே வரும், சலாமி (இறைச்சித் துண்டு) வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடலாம்.

மெட்ரோவும் காஸ்குவேக்குத்தான் சாதகம். 2009இல் தொடங்கிய முதல் வழித்தடம் இதன் மேற்கு ஓரமாக மாக்சிமோ கோமெஸ் சாலையை ஒட்டிப் போகிறது. சோனா கொலோனியாலுக்குள் மெட்ரோ நிலையம் கிடையாது.

குறை என்று பார்த்தால் இரவுதான். எட்டு மணிக்கு அலுவலகங்கள் எல்லாம் அடங்கிவிட்டால் தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும். பகலில் நிழல் தந்த அதே மரங்கள் தெருவிளக்கையும் மறைத்துவிடும். பழைய நகரத்தில் இரவு பத்து மணிக்கும் கூட்டம் இருக்கும், சுற்றுலா போலீஸ் நிற்பார்கள். காஸ்குவேயில் இருட்டிய பிறகு பத்து நிமிட தூரத்துக்கும் ஊபர் கூப்பிடுங்கள். எந்தப் பகுதியானாலும் தெருவோரம் நின்று போனை நீட்டிப் பிடித்து வழி பார்க்காதீர்கள், மோட்டார் சைக்கிளில் வந்து பறித்துக்கொண்டு போவது நடக்கிற விஷயம். தினம் இரவுச் சாப்பாட்டுக்குப் பழைய நகரத்துக்குப் போகிறவர் என்றால் அந்த ஊபர் காசையும் அறை வாடகையோடு கூட்டித்தான் ஒப்பிட வேண்டும். மூன்று இரவுக்குள் என்றால் பழைய நகரம் கணக்கில் ஜெயிக்கும். ஒரு வாரம் என்றால் காஸ்குவே.

நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று

சியுதாத் நுவேவாவைப் பலர் கவனிப்பதில்லை. பார்க்கே இந்தெபெந்தென்சியாவுக்குத் தெற்கே கடலை நோக்கி இறங்கும் சாதாரணக் குடியிருப்புத் தெருக்கள். பழைய நகரத்தின் எல் கோந்தே நடைபாதைத் தெருவுக்கு நடந்தே போய்விடலாம், வாடகை சற்றுக் குறையும். ஓட்டல்கள் குறைவு, வாடகைக்கு விடும் அடுக்குமாடி வீடுகள்தான் கிடைக்கும். மாடிப்படி ஏற முடிந்தவருக்கு நல்ல தேர்வு.

மலேகோன் ஓட்டல்கள் வேறு ரகம். பிளான்டா, லிப்ட், இருபத்து நாலு மணிநேர வரவேற்பு மேசை எல்லாம் உண்டு. சலுகை விலையில் கிடைத்தால் வயதான அப்பா அம்மாவோடு வருகிறவர்கள் யோசிக்காமல் எடுக்கலாம். கடல் கண்ணுக்கு மட்டும்தான். கரை முழுக்கப் பாறை, குளிக்க முடியாது.

இணையத்தில் மலிவாகத் தெரியும் 'கபான்யா' என்ற பெயரில் மட்டும் ஏமாற வேண்டாம். குடில் என்று நினைத்துப் பலர் பதிவு செய்துவிடுவார்கள். நெடுஞ்சாலையோரம் இருக்கும் அவை ஜோடிகளுக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் அறைகள்.

பில்லில் வரும் 28 சதவீதம்

இரண்டு விடுதிகளின் விலையை அருகருகே வைத்துப் பார்க்கும்போது வரி சேர்த்ததா என்று பாருங்கள். இங்கே விற்பனை வரி 18 சதவீதம், அதன்மேல் சேவைக் கட்டணம் 10 சதவீதம். 40 டாலர் என்று போட்ட அறை பில்லில் 51 டாலர் 20 சென்ட் ஆகிவிடும். வரியோடு 48 டாலர் என்று போட்டவர் உண்மையில் மலிவு. உணவகத்திலும் இதே கதைதான். மெனுவில் இருப்பது பெரும்பாலும் வரியில்லாத விலை. சேவைக் கட்டணம் ஏற்கெனவே பில்லில் இருப்பதால் டிப்ஸ் கட்டாயமில்லை, நன்றாகக் கவனித்தார்கள் என்று தோன்றினால் கொஞ்சம் வையுங்கள்.

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வாடகை ஏறும். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம், பேரம் பேசலாம். ஆனால் 2022, 2023 இரண்டு ஆண்டும் நவம்பரில் பெருமழை பெய்து நகரத்துச் சாலைகள் மூழ்கின. அந்த மாதங்களில் பணம் திரும்பக் கிடைக்கும் பதிவையே எடுங்கள், தரைத்தள அறையைத் தவிருங்கள்.

வந்து இறங்கும் இரவும் கிளம்பும் இரவும்

லாஸ் அமெரிக்காஸ் விமான நிலையம் நகரத்துக்குக் கிழக்கே 25 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. நள்ளிரவில் வந்து இறங்குகிறீர்கள் என்றால் சின்ன விடுதியில் கதவு திறக்க ஆள் இருப்பாரா என்று முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய நகரத்து வீடுகளில் இரும்புக் கிராதி பூட்டியிருக்கும், அழைப்பு மணி பல இடத்தில் கிடையாது. பெட்டியோடு இருட்டுத் தெருவில் நின்று போன் எடுக்கும்வரை காத்திருப்பது வேண்டாத வேலை.

திரும்பும் விமானம் அதிகாலையில் என்றால், கடைசி இரவை நகரத்தில் கழிக்காமல் போகா சிக்காவில் கழிப்பது என் வழக்கமாகிவிட்டது. விமான நிலையத்தைத் தாண்டிக் கிழக்கே இருக்கும் கடற்கரை ஊர். பவளப்பாறை அலையைத் தடுத்துவிடுவதால் கடல் இடுப்பளவில் குளம் மாதிரி நிற்கும். சனி, ஞாயிறு நகரமே அங்கே வந்துவிடும், வார நாளில் போங்கள். நாட்டுக்குள் வரவும் வெளியே போகவும் நிரப்ப வேண்டிய இ-டிக்கெட் படிவத்தை அங்கே வைஃபை இருக்கும்போதே முடித்துவிடலாம். அரசுத் தளத்தில் அது இலவசம். காசு கேட்கும் தளம் எதுவானாலும் அதை மூடிவிடுங்கள்.