ரூட் கெனாலுக்குப் பின் கடைவாய்ப்பல்: கிரவுனா, அடைப்பா? சில வருஷம் மென்ற பிறகு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கும் நண்பர் கேட்டது இது. கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு ரூட் கெனால், அதாவது பல்லுக்குள் இருக்கும் நரம்பை எடுத்து அடைக்கும் சிகிச்சை, முடிந்துவிட்டது. டாக்டர் கிரவுன், அதாவது பல்லை முழுசாக மூடும் உறை, போடச் சொல்கிறார். வலிதான் போய்விட்டதே, அடைத்துவிட்டால் போதாதா? தனியார் கிளினிக்கில் கிரவுனுக்கு ஆயிரம் வெள்ளிக்கு மேல் கேட்பார்கள். பல் நிறத்தில் இருக்கும் கம்பொசிட் அடைப்பு சில நூறு வெள்ளியில் முடியும். தோட்டச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர் கேட்பது நியாயமான கேள்வி.

நரம்பு எடுத்த பல் காய்ந்து போவதால் உடைகிறது என்று பலரும் சொல்வார்கள். ஈரம் குறைவது மிகச் சொற்பம். அதனால் பல் உடையாது. பல்லைத் தாங்குவது, பக்கத்துப் பற்களைத் தொடும் முன், பின் விளிம்பு மேடுகள். 1989-இல் வெளிவந்த ஆய்வில், ரூட் கெனாலுக்காக நடுவில் போடும் துளை மட்டும் பல்லின் விறைப்பை 5 சதவீதம்தான் குறைத்தது. இரண்டு விளிம்பு மேடுகளையும் வெட்டியெடுத்தபோது இழப்பு 63 சதவீதம். சொத்தையால் அப்படி மேடுகள் போன பல்லில் வெறும் அடைப்பு இருந்தால், ஒவ்வொரு கடிக்கும் முகடுகள், அதாவது மெல்லும் பரப்பின் முனைகள், வெளிப்பக்கம் வளைகின்றன. கீழ்ப்பல்லில் பெரும்பாலும் நாக்குப் பக்க முகடு முதலில் போகும். ஈறுக்கு மேலே உடைந்தால் காப்பாற்றலாம். பிளவு வேருக்குள் இறங்கிவிட்டால் பெரும்பாலும் பிடுங்கத்தான் வேண்டும்.

ஆகவே இரண்டு மேடுகளும் முழுசாக, விரிசல் இல்லாமல், இரவில் பல் கடிக்கும் பழக்கமும் இல்லாதவருக்கு நல்ல கம்பொசிட் அடைப்பே போதும். அவரைக் கிரவுன் போடச் சொல்லி வற்புறுத்துவது எனக்குப் பிடிக்காது. மேடு போன பல்லுக்கு முகடுகளை மூடியே ஆகவேண்டும். எதைப் போட்டாலும் சீக்கிரம் போடுங்கள். தற்காலிக அடைப்பு சில வாரத்துக்கானது. அது தேய்ந்து எச்சில் உள்ளே கசிந்தபடி மாதக்கணக்கில் கிடந்தால் ரூட் கெனாலையே திரும்பச் செய்ய வேண்டிவரலாம்.

என் வாயில் இருப்பது ஸிர்கோனியா என்ற உறுதியான வெள்ளைப் பீங்கானில் செய்த முழுக் கிரவுன், கீழ் முதல் கடைவாய்ப்பல்லில். பலத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. புந்தோங் கச்சாங் பூத்தே என்ற கடலை நொறுக்குத்தீனி, தீபாவளி முறுக்கு, ஆட்டு எலும்பு எதற்கும் அசையவில்லை. உலோகத்தின் மேல் பீங்கான் பூசிய கிரவுனில் ஓரம் சிலும்பும். இதில் அதுவும் இல்லை. கடிக்கும் பக்கத்தில் 1 முதல் 1.5 மில்லிமீட்டர் சீவினால் போதும் என்பதும் நல்லது.

ஆனால் அந்த இடுக்கு! கிரவுனுக்கும் பின்பல்லுக்கும் இடையில் தொடுகை தளர்வு. சாப்பிட்டு எழுந்தால் கீரை நார், இறைச்சி நார், இக்கான் பிலிஸ் என்ற நெத்திலிக் கருவாடு எல்லாம் அங்கேதான். எதிர்ப்பல்லின் முகடு அந்த இடுக்குக்கு நேராக இறங்கி, ஒவ்வொரு கடிக்கும் உணவை ஈறுக்குள் திணிக்கிறது. பல் நூல் ஒரு தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. அதுவே குறைக்கு அடையாளம். ஈறு வீங்கும், ரத்தம் வரும், நாளடைவில் கிரவுன் விளிம்புக்குக் கீழே புதுச் சொத்தை பிடிக்கும். நரம்பில்லாத பல்லில் அந்தச் சொத்தை வலிக்காது. அதுதான் எனக்குப் பெரிய பயம். பல்லிடுக்கு பிரஷ் இல்லாமல் விருந்துக்குப் போக முடியவில்லை.

கோபம் வருவதற்குக் காரணம், இது ஒட்டுவதற்கு முன்பே கண்டுபிடிக்கக் கூடிய குறை. சிமெண்ட் வைக்காமல் கிரவுனை மாட்டி, இரண்டு பக்கமும் நூல் விட்டுப் பார்க்க வேண்டும். நூல் சற்று இறுக்கமாக, 'டக்' என்று இறங்க வேண்டும். கிழிந்தால் அதிக இறுக்கம், சும்மா இறங்கினால் தளர்வு. தளர்வென்றால் கிரவுன் செய்யும் லேப்புக்குத் திருப்பி அனுப்பி அந்தப் பக்கத்தில் பீங்கான் ஏற்றிச் சுட்டு வாங்கலாம். சின்ன ஊர் கிளினிக்குகளுக்கு லேப் பெரும்பாலும் வெளியூரில். திருப்பி அனுப்பினால் நாளாகும், நோயாளி இன்னொரு தடவை வரவேண்டும், அதனால் ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டிய பிறகு இரண்டே வழி: பின்பல்லின் பக்கத்தில் கம்பொசிட் ஏற்றி இடுக்கை அடைப்பது, அல்லது கிரவுனை அறுத்தெடுத்துப் புதிதாகச் செய்வது.

மற்றவை சுருக்கமாக. ஈறுக்கு மேல் சுற்றிவர 2 மில்லிமீட்டராவது நல்ல பல் மிஞ்ச வேண்டும். இல்லாவிட்டால் கிரவுன் கழன்று வரும். தற்காலிகக் கிரவுன் இருக்கும் நாட்களில் நூலை மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவுங்கள். ஒட்டிய பின் நீலத்தாளைக் கடித்துப் பார்த்து, உயரமான இடத்தைத் தேய்க்கச் சொல்லுங்கள். ஈறுக்குள் ஒதுங்கிய சிமெண்டை எடுத்துவிட்டார்களா என்றும் கேளுங்கள்.

இத்தனை பலம் இருந்தும் இன்றைக்கு நான் முழுக் கிரவுனைச் சிபாரிசு செய்ய மாட்டேன். நண்பரின் பல்லில் பின்பக்க மேடு மட்டும்தான் போயிருக்கிறது, முன்பக்கம் முழுசு. முழுக் கிரவுன் என்றால் நன்றாக இருக்கும் அந்த முன்பக்கத்தையும் சீவி, இயற்கைத் தொடுகையைத் தூக்கி எறிய வேண்டும். முகடுகளை மட்டும் மூடும் ஓன்லே போட்டால் அந்தப் பக்கம் அப்படியே நிற்கும். லேப் சரியாகச் செய்யவேண்டிய தொடுகை ஒன்றே ஒன்று. செலவு கிரவுனைவிடப் பெரிதாகக் குறையாது. இருந்தாலும் முதலில் ஓன்லே முடியுமா என்று கேளுங்கள். எதுவானாலும், நூல் விட்டுக் காட்டாமல் ஒட்ட விடாதீர்கள். அதற்காக இன்னொரு தடவை ஈப்போவுக்கு பஸ் ஏறவேண்டி வந்தாலும் ஏறுங்கள்.